பெட்டிக்குத் தனி அறை

திருப்பதியில் பெருமாளைக்கூடப் பார்த்துவிடலாம், அறைதான் வரம் வாங்கி வந்தவர்களுக்கு. கீழே ரயில் நிலையத்துக்கு எதிரே விஷ்ணு நிவாசம், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஸ்ரீநிவாசம், இரண்டும் தேவஸ்தானத்துடையவை. தனியார் லாட்ஜில் ‘டீலக்ஸ்’ என்றால் ஜன்னல் உண்டு. ‘சூப்பர் டீலக்ஸ்’ என்றால் அது திறக்கும்.

மலைமேல் நட்சத்திர ஓட்டலே கிடையாது. அறைக்கு, சி.ஆர்.ஓ. எனும் மத்திய வரவேற்பு அலுவலக வரிசையில் நின்று ஆதாரைக் காட்ட வேண்டும்; 2023 முதல் கேமராவுக்கு முகத்தையும் காட்ட வேண்டும். முடியோடு அறை வாங்கி, மொட்டையோடு டெபாசிட்டைத் திரும்பக் கேட்டால் இயந்திரம் நம்மை ஒப்புக்கொள்ளுமா என்பது எங்கள் மாமாவின் நியாயமான கவலை.

எதுவும் அமையாதவர்களுக்கு யாத்ரிகர் வசதி வளாகம்: இலவச ஹால், இலவச லாக்கர். பெட்டிக்குப் பூட்டுப் போட்ட தனி அறை, நமக்குப் பாய்.