மௌனகுருவுக்கு ஒரு விண்ணப்பம்

பழைய மகாபலிபுரம் சாலையில், கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாம் தளத்தில் எழுந்தருளியிருக்கும் மனிதவளத் துறைக்கு, தாள் பணிந்து எழுதிக்கொண்டது.

இன்று காலை 10:07க்குத் தங்கள் மெயில் கிடைத்தது. கடைசி நேர்காணல் முடிந்து 74 நாள் கழித்துத் தாங்கள் திருவாய் மலர்ந்த முதல் சொல். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே திறந்தேன். 'அன்புள்ள விண்ணப்பதாரர் பெயர் அவர்களே' என்று தொடங்கியிருந்தீர்கள். போகட்டும், ஐந்து சுற்று முடித்தவனுக்குச் சொந்தப் பெயர் எதற்கு? வேலை உண்டா இல்லையா என்று அதில் இல்லை. நேர்காணல் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பேன் என்று கேட்டிருந்தீர்கள். 'எங்கள் தகவல் தொடர்பு எப்படி இருந்தது?' என்பது கட்டாயக் கேள்வி.

அப்போதுதான் இந்த மரமண்டைக்கு உறைத்தது. தாங்கள் சாட்சாத் தட்சிணாமூர்த்தி. கல்லால மரத்தடியில் வாய் திறக்காமலே சனகாதி முனிவர் நால்வருக்கும் உபதேசித்தாரே, அவரேதான். அவர் தென்முகக் கடவுள். தங்கள் சந்நிதியும் ஊருக்குத் தெற்கே, சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டி. மூன்றாம் சுற்றில் எனக்கு எதிரே சரியாக நான்கு பேர் உட்கார்ந்திருந்ததன் தாத்பரியமும் இன்றுதான் விளங்கிற்று.

ஆரம்பத்தில் குரு இவ்வளவு மௌனியாக இல்லை. நோட்டீஸ் பீரியட் 90 நாளா, பை-அவுட் உண்டா, உடனே சேர முடியுமா என்று மூச்சு விடாமல் கேட்டார். மூன்று மாத பே-ஸ்லிப் அன்று சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார், அனுப்பினேன். வீட்டில் செய்து அனுப்பச் சொன்ன வேலைக்கு 48 மணி நேரம் கெடு. ஒரு நிமிஷம் தாண்டினாலும் லிங்க் மூடிவிடுமாம். தங்கையின் நிச்சயதார்த்தத்தன்று மண்டபத்து மாடிப்படியில் உட்கார்ந்து முடித்தேன். ஐந்து சுற்றுக்கும் பல்வலி என்று சொல்லி லீவு போட்டதில், ஆபீசில் எனக்குப் பல்லே மிச்சமில்லை என்று நம்புகிறார்கள். கடைசிச் சுற்றில் சம்பளம்வரை பேசிவிட்டு, 'வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடறோம்' என்றீர்கள். எந்த வருஷத்து வெள்ளி என்று கேட்காதது என் பிழை.

வெள்ளி பொய்த்ததால் வியாழனைப் பிடித்துக்கொண்டேன், குருவுக்கு உகந்த நாளாயிற்றே. பத்து வியாழன், பத்து மெயில். கொண்டைக்கடலை மாலை ஒன்றுதான் பாக்கி, அட்டாச்மென்டில் போகாது. போன் செய்தால் இரண்டாவது ரிங்கில் கட் ஆகும். சின்முத்திரை காட்டுகிறீர்கள் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

அரசாங்கத்தைத் திட்டாத நாளில்லை நமக்கு. அங்கேகூட, 2005ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். (தருகிறார்களா என்பது தனிக்கதை.) கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலோ 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், விளம்பரம் செய்த வேலைக்கு நேர்காணல் நடத்தினால், ஆளெடுப்பதில் முடிவாகிவிட்டதா இல்லையா என்று 45 நாளுக்குள் வந்தவரிடம் சொல்லிவிட வேண்டும். மௌனத்தின் மகிமை தெரியாத குளிர்தேசத்தார்.

ராத்திரி சாப்பாடு போடும்போது, 'அவங்க ஏதாச்சும் சொன்னாங்களாப்பா?' என்று அம்மா தினமும் கேட்பாள். போன வாரத்திலிருந்து கேட்பதில்லை. குழம்பை மட்டும் ஒரு கரண்டி கூட ஊற்றுகிறாள். 'வேண்டாம்' என்றால் நாலு எழுத்து. அதைத் தட்டி அனுப்ப உங்களுக்கு என்ன கேடு? எதிரே உட்கார்ந்திருந்தவனுக்கும் வீடு இருக்கிறது, அந்த வீட்டில் யாரோ காத்திருக்கிறார்கள் என்று உங்களில் ஒருத்தருக்குக்கூடவா தோன்றவில்லை?

மன்னிக்க வேண்டும். சந்நிதியில் குரலை உயர்த்திவிட்டேன்.

தகவல் தொடர்புக்கு ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டேன். கருத்துப் பெட்டியில் குறைந்தது 100 எழுத்தாவது இருக்க வேண்டும் என்றது. குருவின் வழியே சீடனின் வழி என்று நூறு புள்ளிகள் வைத்து அனுப்பினேன். உடனே திரையில் தெரிந்தது: 'நன்றி. எங்கள் குழு விரைவில் உங்களைத் தொடர்புகொள்ளும்.'

இப்படிக்கு,
தங்கள் அடிப்பொடி,
விண்ணப்பதாரர் பெயர்