பாட்டிலுக்குச் சோதனை, பிளாக்குக்குச் சலாம்

புதுச்சேரியின் வடக்கு எல்லையான கனகசெட்டிக்குளம் தாண்டிப் போகிற வண்டியின் டிக்கிமேல் தமிழகக் காவல்துறைக்கு அலாதிப் பிரியம். அளவுக்கு மேல் ஒரு மது பாட்டில் இருந்தால் போதும், வண்டி ஓரங்கட்டப்படும். ஆனால் 2018 ஏலத்தில் வேதாந்தா நிறுவனத்துக்குக் கிடைத்த எண்ணெய் பிளாக் மரக்காணத்தில் கிளம்பி, எங்கள் ஊர்க் கடலுக்குள் புகுந்து, கடலூர்ப் பக்கம் வரை போகிறது. 1,794 சதுர கிலோமீட்டர். அதை ஓரங்கட்டி டிக்கியைத் திறக்கச் சொல்ல ஒரு ஏட்டையாவுக்கும் தோன்றவில்லை.

அந்த ஏலத்தில் இந்தியா முழுக்க 55 பிளாக்குகள். 41 அந்த ஒரே நிறுவனத்துக்கு. எங்கள் ஊரைத் தொடும் பிளாக்கில் மட்டும் 116 கிணறு போடத் திட்டமிட்டார்கள். 2019 ஜூன் 12 அன்று மரக்காணத்திலிருந்து ராமேஸ்வரம் வரை, 596 கிலோமீட்டருக்கு, இது வேண்டாம் என்று ஜனங்கள் கைகோத்து நின்றார்கள். புதுச்சேரி சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. யூனியன் பிரதேசத்துத் தீர்மானத்துக்கு டெல்லியில் என்ன மரியாதை என்று புதுச்சேரிக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டாம்.

டெல்லி பதில் சொல்லத்தான் செய்தது. 2020 ஜனவரி 16 அன்று அறிவிக்கை வந்தது: எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு இனி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை. வேண்டாம் என்று சொல்கிறவர்கள் கூடிவிட்டார்களா, கேட்கிற வழக்கத்தையே எடுத்துவிடு. என்ன ஒரு நிர்வாகம்!

அடுத்த மாதமே தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம். காவிரி டெல்டாவைக் காக்கும். மரக்காணம் இருக்கிற விழுப்புரம் அதில் இல்லை, கடல் இல்லை, புதுச்சேரியை அது தொடவே முடியாது. சட்டங்களெல்லாம் எல்லைக்கோட்டைப் பார்த்து ஒழுங்காக நின்றுவிடுகின்றன. பிளாக் வரைந்தவனுக்கு மட்டும் அந்தக் கோடு கண்ணில் படவில்லை.

மீன் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகைக் கட்டிப் போடச் சொல்கிறீர்கள். கட்டுகிறோம். வட்டிக்கு வாங்கித் தின்றுவிட்டு வலையின் பொத்தலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். துளை போட வருகிற கப்பலுக்குத் தடைக்காலம் எந்த மாதம் ஐயா? அந்த இரைச்சலில் முட்டையிட மீனுக்குத் தனியாகப் பயிற்சி முகாம் நடத்துவீர்களா?

வளர்ச்சி வரும், வேலை வரும் என்கிறார்கள். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கடலூருக்குப் போகலாம். அங்கே நாகார்ஜுனா கட்டிய சுத்திகரிப்பு ஆலை 2011 டிசம்பரில் தானே புயலில் அடிவாங்கி, கடனில் மூழ்கி, ஒரு லிட்டர்கூடச் சுத்திகரிக்காமல் திவாலானது. எடுத்த நிலம் மட்டும் விவசாயிக்குத் திரும்பவில்லை. இன்னும் தெற்கே நாகப்பட்டினத்தில் 31,580 கோடி ரூபாய் ஆலைக்கு 2021-இல் அடிக்கல் நாட்டினார்கள். பக்கத்தில் நாகூர் பட்டினச்சேரியில் 2023 மார்ச்சில் குழாய் உடைந்து கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. புது ஆலை வருவதற்கு முன்பே கடலுக்கு எண்ணெய் வந்துவிட்டது, இதைவிட வேகமான சேவை எங்கே கிடைக்கும்?

உலக உதாரணம் வேண்டுமா? நைஜீரியா. கப்பல் கப்பலாகக் கச்சா எண்ணெய் விற்ற நாடு. போர்ட் ஹார்க்கோர்ட், வாரி, கடூனா என்று அரசே ஆலைகள் கட்டி, துருப்பிடிக்க விட்டு, பல ஆண்டுகள் பெட்ரோலை வெளிநாட்டிலிருந்து வாங்கியது. நைஜர் டெல்டா மீனவனுக்குக் கிடைத்தது எண்ணெய் மிதக்கிற ஓடையும், இரவெல்லாம் எரிகிற எரிவாயுச் சுவாலையும். அங்கேயும் யாரோ ஒருவர் மேடையேறி வேலை வரும் என்று சொல்லியிருப்பார், மாலை போட்டுக்கொண்டு.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு மண்டபம் கிடைக்காததுதான் சிக்கல் என்றால் சொல்லியனுப்புங்கள். குப்பத்தில் மீன் ஏலம் விடுகிற இடத்தைக் கூட்டித் தெளித்துத் தருகிறோம். கடலையே ஏலம் விட்டவர்களுக்குப் பொருத்தமான இடம்தான். என்ன, அங்கே பொருளைக் கண்ணெதிரே கொட்டி, பிடித்தவனைப் பக்கத்தில் நிறுத்தித்தான் விலை கூவுவார்கள். அந்த வழக்கம் உங்களுக்குக் கொஞ்சம் புதிதாக இருக்கும்.