300 மதிப்பெண் வாங்குவது எப்படி?

சிபில் ஸ்கோரை 750-க்கு மேல் ஏற்றுவது எப்படி என்று சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. ஏற்றியதை இறக்குவதற்குத்தான் முறையான பயிற்சி கிடையாது. அவரவர் சொந்த முயற்சியில், பல வருஷம் பாடுபட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் குறையைப் போக்கவே இந்த வழிகாட்டி. முதலில் ஓர் ஆறுதல்: இந்தப் பரீட்சையில் பூஜ்யம் போட மாட்டார்கள். 300-இல் ஆரம்பித்து 900-இல் முடிகிறது. எவ்வளவு கேவலமாக எழுதினாலும் 300 உறுதி.

கிரெடிட் கார்டில் தொடங்குங்கள். 40,000 ரூபாய்க்கு பில் வந்திருக்கிறது. அதன் பக்கத்திலேயே மினிமம் ட்யூ 2,000 என்று அன்போடு போட்டிருப்பார்கள். அதை மட்டும் கட்டுங்கள். இதில் ஒரு சின்ன சிக்கல் உண்டு: தேதிக்குள் மினிமம் கட்டினால் தாமதம் என்று பதிவாகாது, ஸ்கோர் உடனே விழாது. மனம் தளர வேண்டாம். மீதி 38,000-க்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 1,330 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் துவரம்பருப்புக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். லிமிட்டில் 30 சதவீதத்தைத் தாண்டாதீர்கள் என்பார்கள் விவரமானவர்கள். நீங்கள் ஆறே மாதத்தில் தொண்ணூறைத் தொட்டுவிடலாம். ஸ்கோர் தானாக இறங்கும்.

அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள், சம்பளம் 7-ஆம் தேதி வரும்போது இ.எம்.ஐ.யை 5-ஆம் தேதிக்கு வைத்துக்கொள்ளலாம். அல்லது ஒரே வாரத்தில் ஆறு இடத்தில் கடன் கேட்டு விண்ணப்பிக்கலாம், ஒவ்வொன்றும் பதிவாகும். 2025 ஜனவரியில் கடன் கொடுத்தவர்கள் 15 நாளுக்கு ஒருமுறையாவது விவரம் அனுப்ப வேண்டும் என்று ஆனதிலிருந்து, உங்கள் உழைப்பு முன்பைவிடச் சீக்கிரமே ஏட்டில் ஏறிவிடுகிறது.

ஆனால் என்னைக் கேட்டால், ஜாமீன் கையெழுத்துக்கு ஈடு இணை கிடையாது. செலவு இல்லை, அலைச்சல் இல்லை. குலதெய்வம் கோயில் கிடா விருந்து முடிந்து, வெற்றிலை போடும் நேரமாகப் பார்த்து மைத்துனர் பக்கத்தில் வந்து உட்காருவார். “மாமா, லோடு ஆட்டோ எடுக்கறேன். சும்மா ஒரு கையெழுத்துதான்” என்பார். மனைவி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். படித்துப் பார்க்காமல் போடுங்கள். கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்பது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு. அவர் தவணை தவறினால் அது உங்கள் அறிக்கையிலும் ஏறும். அந்த வண்டியில் நீங்கள் ஒருநாள்கூட ஏறியிருக்க மாட்டீர்கள்.

கடைசியில் வசூல்காரர் போன் செய்வார்: “ஒரு லட்சத்துக்கு 45,000 கட்டுங்க சார், முடிச்சிடலாம்.” முடியாது. கணக்கு ‘செட்டில்டு’ என்று பதிவாகும். முழுசாகக் கட்டாதவர் என்று அடுத்த வங்கி மேனேஜர் அதைப் படித்துக்கொள்வார். நீங்கள் இனிப்பு வாங்கிக் கொடுத்துக் கொண்டாடுங்கள்.

இத்தனை பாடுபட முடியாதவர்கள் கடனே வாங்காமல் இருந்துவிடலாம். இருபது வருஷம் சீட்டுப் பணம் ஒரு தவணை தவறாமல் கட்டியவர், கைமாத்தைச் சொன்ன தேதிக்கு முன்பே திருப்பிக் கொடுத்தவர், இவர்களுக்கெல்லாம் இங்கே 300 கூடக் கிடையாது, ஸ்கோரே இருக்காது. இது நாணயத்தை அளக்கும் கருவி அல்ல, வட்டி கட்டும் பழக்கத்தை அளக்கும் கருவி. அதைத் தெரிந்துகொண்டு அதற்குத் தர வேண்டிய மரியாதையை மட்டும் தந்தால் போதும் என்பது என் கட்சி.

ஒரு எச்சரிக்கை. உங்கள் அறிக்கையை மட்டும் எடுத்துப் பார்த்துவிடாதீர்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். நீங்களே பார்ப்பதால் ஒரு புள்ளியும் குறையாது. கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று கிடந்தால் புகார் கொடுக்கலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.