அட்டையில் முத்து, உள்ளே சரக்கு

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். புத்தக அட்டை வரைபவர்கள் பலருக்கு அந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

நெய்தல் நாவல் என்று காதில் விழுந்தால் போதும்: வாய் பிளந்த சிப்பி, ஒற்றை முத்து, கடலில் மறையும் சூரியன்! ‘கிழக்குக் கடற்கரையில் சூரியன் கடலில் உதிக்கும், மறையாதே’ என்றால், ‘படத்துல ரெண்டும் ஒண்ணுதான அண்ணாச்சி’ என்று பதில் வரும்.

ஜோ டி குருஸின் ‘கொற்கை’ நாவல் 2013இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. தலைப்பில் பழைய முத்துத் துறை. உள்ளே தோணி, கப்பல், சரக்கு, தொழில் போட்டி என்று ஆயிரம் பக்கம் தாண்டுகிறது. முத்தை நம்பி வாங்குபவருக்குக் கிடைப்பது தூத்துக்குடித் துறைமுகத்தின் வரலாறு. லாபம்தான்.

இனி வரைபவர்கள் உப்பளத்தையும் நிலக்கரிக் கப்பலையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.