செல்லும், ஆனால் செல்லாது

ஜெர்மனியில் ரயில் ஏறக் காசு இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூகோளம் தெரிய வேண்டும். கொஞ்சம் ஒப்பந்தச் சட்டம் தெரிய வேண்டும். ரயிலின் நிறத்தைப் பார்த்து அதன் குலம் கோத்திரம் சொல்லத் தெரிந்தால் இன்னும் நல்லது.

அங்கே மாநிலத்துக்கு மாநிலம் ஒரு நாள் டிக்கெட் விற்கிறார்கள். லேண்டர் டிக்கெட் என்பது பொதுப்பெயர். பவேரியாவுக்கு ஒன்று, நீடர்சாக்சனுக்கு ஒன்று, பாடன் வூர்ட்டம்பர்க்குக்கு ஒன்று. ஒரு மாநிலம், ஒரு நாள், ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட். கேட்க எவ்வளவு இனிமை! விளம்பரப் படத்தில் ஒரு குடும்பம் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துச் சிரிக்கும். அந்தப் படம் விதிமுறைகளைப் படிப்பதற்கு முன்னால் எடுத்ததாக இருக்க வேண்டும்.

ராகு காலம் பார்த்துப் படியிறங்கிய பாட்டியைக் கேலி செய்தோமே, அந்தப் பாவம் சும்மா விடுமா? பவேரியா டிக்கெட், திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்கு மேல்தான் உயிர் பெறும். மறுநாள் அதிகாலை 3 மணிக்குச் சாகும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் நள்ளிரவிலேயே பிறந்துவிடும். 8.55 ரயிலில் ஏறினீர்களா? 9 மணிக்கு மேல் அந்த ரயில் புறப்படும் முதல் ஸ்டேஷன் வரைக்கும் தனி டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் அந்த ஐந்து நிமிடத்துக்கு நீங்கள் வித்தவுட்.

சரி, நேரம் பார்த்தே ஏறினீர்கள். எதுவரை போகலாம்? பவேரியா டிக்கெட் என்றால் பவேரியா வரை என்று நினைத்தால் நீங்கள் இன்னும் ஒன்றாம் வகுப்பில்தான் இருக்கிறீர்கள். அது ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை செல்லும். குஃப்ஸ்டைன் வரையும் செல்லும், அதுவும் ஆஸ்திரியாதான். அதே ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்குக்குச் செல்லாது. சொந்த நாட்டின் பக்கத்து மாநிலத்தில் உல்ம் ஸ்டேஷனுக்குச் செல்லும், அதே மாநிலத்தின் தலைநகர் ஸ்டுட்கார்ட்டுக்குச் செல்லாது. மியூனிக் நகரத்துக்குள் சுரங்க ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் செல்லும். சால்ஸ்பர்க் ஸ்டேஷனில் இறங்கி வாசலில் நிற்கும் நகரப் பஸ்ஸில் ஏறினால் செல்லாது. வேறொரு நாட்டுக்குள் கூட்டிக்கொண்டுபோய் ஸ்டேஷன் வாசலில் கையை விட்டுவிடுகிற டிக்கெட் இது.

பாடன் வூர்ட்டம்பர்க் டிக்கெட் இதற்கும் ஒரு படி மேல். அது பாசல் நகரத்து பாடிஷர் ஸ்டேஷன் வரை செல்லும். அந்த ஸ்டேஷன் இருப்பது சுவிட்சர்லாந்து மண்ணில், நடத்துவது ஜெர்மன் ரயில்வே. ரைன் நதியைத் தாண்டிச் சில நிமிடத்தில் வருகிற அடுத்த ஸ்டேஷன் சுவிஸ் ரயில்வேயுடையது. அங்கே செல்லாது. ஊர் ஒன்று, நாடு ஒன்று, நதி மட்டும் குறுக்கே. ஒரு சாதாரணப் பயணி இதை எந்த அறிவைக் கொண்டு ஊகிப்பது?

எந்த ரயில் என்ற கேள்விக்கு வருவோம். வட்டார ரயில்களிலும் புறநகர் ரயில்களிலும் செல்லும். ஐசிஇ, ஐசி, ஈசி போன்ற நெடுந்தூர ரயில்களில் செல்லாது. இது ஒன்றாவது தெளிவாக இருக்கிறதே என்று மூச்சு விடாதீர்கள். மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் போகும் வட்டார ரயிலை நடத்துவது ஒரு தனி நிறுவனம். ஜெர்மன் ரயில்வேயின் பெயர் அதில் இருக்காது. பவேரியா டிக்கெட் அதில் செல்லும். அதே தண்டவாளத்தில் அதே சால்ஸ்பர்க்குக்குப் போகும் நெடுந்தூர ரயிலில் செல்லாது. டிக்கெட்டில் யார் பெயர் அச்சாகியிருக்கிறதோ அவர்கள் ரயிலில் ஏறு என்று நமக்குத் தெரிந்த நியாயம் சொல்லும். அந்த நியாயம் அங்கே ஓடாது.

அப்படியானால் ஐசி ரயிலில் எப்போதும் செல்லாது, அதாவது நிச்சயமா? அதுவும் இல்லை. ஸ்டுட்கார்ட்டிலிருந்து சிங்கன் வரை ஓடும் ஐசி ரயில்களில் வட்டார டிக்கெட் செல்லும். பிரேமனிலிருந்து வடகடல் ஓரத்து நோர்டைச் வரை ஓடும் ஐசியிலும் நீடர்சாக்சன் டிக்கெட் செல்லும். பிரேமனுக்கு முந்தைய ஸ்டேஷன்களில் அதே பெட்டியில் அதே சீட்டில் உட்கார்ந்தால் குற்றம். பிரேமனில் ரயில் ஞானஸ்நானம் பெற்று வட்டார ரயிலாகிவிடுகிறது. டிரைவர் மாறவில்லை, கழிப்பறைக் கதவின் கோளாறுகூட மாறவில்லை. உங்கள் நிலை மட்டும் மாறுகிறது.

நம்மவர்கள் கதைக்கு வருகிறேன். ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் எழுப்பியது, 2002-ல் குடமுழுக்கு கண்டது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். ஹனோவரில் ஒரு குடும்பம் தேருக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் இருப்பது நீடர்சாக்சன், அம்பாள் இருப்பது நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன். இந்த மாநில டிக்கெட் தனியாகப் போதாது, அந்த மாநில டிக்கெட்டும் தனியாகப் போதாது. நாடு முழுக்கச் செல்லும் நாள் டிக்கெட் ஒன்று உண்டே என்பார்கள். உண்டு. அது எல்லா மாநிலத்துக்கும் செல்லும், நகரப் பஸ்ஸுக்குச் செல்லாது. கோயிலோ ஸ்டேஷனிலிருந்து தள்ளி, தொழிற்பேட்டைப் பக்கம். பால்குடத்தோடு ஹம் ஸ்டேஷனில் இறங்கியவர் பஸ்ஸுக்கு இன்னொரு டிக்கெட் எடுக்க வேண்டும். நாடு முழுக்கச் செல்லும் நாள் டிக்கெட் பஸ்ஸில் செல்லாது, பஸ்ஸில் செல்லும் நாள் டிக்கெட் இந்தத் தூரத்தைத் தாண்டாது. இப்படி ஒரு வகுத்தலைத் தற்செயலாகச் செய்ய முடியாது, உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

பெயர் எழுதும் சடங்கு தனி. பயணம் செய்பவர்களின் பெயர் டிக்கெட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் செல்லாது. காகித டிக்கெட்டில் அதற்கு விட்டிருக்கும் கோடு சுண்டுவிரல் நீளம். 'மியூலர்' என்று எழுதிவிட்டு ஜெர்மானியர் கால் நீட்டிக்கொள்கிறார். நம் ஊர் மீனாட்சிசுந்தரம், அப்பா பெயரையும் சேர்த்து எழுதி, கோடு முடிந்து, விலையின் மேல் ஏறி, டிக்கெட்டின் விளிம்பில் தொங்குகிறார். பரிசோதகர் பாஸ்போர்ட்டை வாங்கி, குடும்பப் பெயர் எது என்று கேட்கிறார். ஓடும் ரயிலில் என்ன பதில் சொல்ல?

இந்தக் குழப்பத்துக்கு வேர் இருக்கிறது. 1990-களின் ரயில்வே சீர்திருத்தத்தில் வட்டார ரயில் சேவை மாநிலங்களின் பொறுப்புக்கு வந்தது. நாட்டில் 60-க்கும் மேற்பட்ட போக்குவரத்துக் கட்டணக் கூட்டமைப்புகள், ஒவ்வொன்றுக்கும் தன் எல்லை, தன் மண்டலம், தன் வருமானப் பங்கு. அவர்களுக்குள் பணத்தைப் பிரித்துக்கொள்வது சிரமம்தான். அந்தச் சிரமத்தை அவர்களே தீர்த்திருக்க வேண்டும். கணக்குப்பிள்ளைகளின் பங்காளிச் சண்டையை அப்படியே மடித்து டிக்கெட் என்ற பெயரில் பயணியின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

தப்பாகப் புரிந்துகொண்டால் 60 யூரோ. 2015 வரை 40 ஆக இருந்தது. விதியை எளிமையாக்க இவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை, அபராதத்தை ஒன்றரை மடங்காக்க மட்டும் கிடைத்தது. சால்ஸ்பர்க் போன சுற்றுலாப் பயணி கட்டிவிட்டுத் திட்டிக்கொண்டே போவார். கட்ட முடியாதவர் கதை வேறு. டிக்கெட் இல்லாமல் பயணம் செய்வது அங்கே இன்றைக்கும் கிரிமினல் குற்றம். ஓராண்டு வரை சிறை. குற்றவியல் சட்டம் 265ஏ என்ற அந்தப் பிரிவு சேர்க்கப்பட்ட ஆண்டு 1935. அப்போது ஆட்சியில் யார் இருந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. தெரியாமல் செய்த ஒரு தவறுக்காக யாரையும் உள்ளே தள்ளுவதில்லை, உண்மைதான். ஆனால் திரும்பத் திரும்பப் பிடிபட்டு, நீதிமன்றம் விதித்த தொகையைக் கட்ட வக்கில்லாத ஏழைகள் அதற்குப் பதிலாகச் சிறைக்குப் போகிறார்கள். அவர்களைப் பணம் கட்டி மீட்பதற்கென்றே ஆர்னே செம்ஸ்ராட் என்ற பத்திரிகையாளர் 2021-ல் ஒரு நிதி தொடங்கினார். இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதனால் வெளியே வந்திருக்கிறார்கள். டிக்கெட்டுக்காகச் சிறை, சிறையிலிருந்து மீட்க நன்கொடை. இதுதான் நம் ஊர்க் கருத்தரங்குகளில் ஒழுங்குக்கு உதாரணம் காட்டும் நாடு.

எளிமையாக்க முடியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 2022 ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதம், மாதத்துக்கு 9 யூரோவில் நாடு முழுக்க வட்டார ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் போகலாம் என்றார்கள். மண்டலம் இல்லை, 9 மணி இல்லை, மாநில எல்லை இல்லை. ஐந்து கோடிக்கும் மேல் விற்றது. 60-க்கும் மேற்பட்ட கூட்டமைப்புகளும் அப்படியே இருந்தன, வானம் இடிந்து விழவில்லை. செப்டம்பர் பிறந்ததும் மறுபடி எல்லாக் கோடுகளையும் போட்டார்கள். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு நாடு தழுவிய மாத டிக்கெட் வந்தது. 2025-ல் 58, 2026-ல் 63. அதையும் சும்மா வாங்க முடியாது, சந்தாதாரராகச் சேர வேண்டும். நிறுத்த வேண்டுமானால் மாதம் 10-ம் தேதிக்குள் சொல்ல வேண்டும். பேரக்குழந்தையைப் பார்க்க ஒரு வாரம் வருகிற தஞ்சாவூர்ப் பாட்டி, குழந்தையைத் தூக்குவதற்கு முன் ஜெர்மன் போக்குவரத்தின் சந்தாதாரர் ஆகி, ஊர் திரும்புவதற்கு முன் ராஜினாமாவும் செய்ய வேண்டும்.

ஒரு டிக்கெட் எங்கே செல்லும் என்பதை அதன் முகப்பில் நாலு வரியில் சொல்ல முடியவில்லை என்றால் தப்பு வாங்கியவர் மேல் இல்லை. விற்றவர்கள் முதலில் 60 யூரோ கட்டட்டும்.