மூச்சு வாங்கினால் பக்தி

வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க. கையில கட்டியிருக்கிற கடிகாரம் உக்கார விடுமான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு உக்காருங்க.

காலையில பார்த்தேன். வெள்ளைச் சர்க்கரை விஷம்னு சொல்லி, உங்க அத்தை போட்ட காபியை முகத்தைச் சுளிச்சுக்கிட்டு வெறுமனே குடிச்சீங்க. சரி, கொள்கை. அப்புறம் பழனிப் பஞ்சாமிர்த டப்பாவைத் தொறந்து, “இது நாட்டுச் சர்க்கரைதானே மாமா”ன்னு மூணு கரண்டி உள்ள தள்ளுனீங்களே, அப்பத்தான் உங்க படிப்பு மேல எனக்கு மரியாதையே வந்துச்சு.

அதுல என்ன இருக்குன்னு சொல்றேன். விருப்பாச்சி மலைவாழை, நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், கூடவே பேரீச்சை, பல்லுல நறநறன்னு கடிபடுற கல்கண்டு. ஒரு சொட்டுத் தண்ணி சேர்க்க மாட்டாங்க. அந்தப் பழத்துலயும் ஈரம் கம்மி. இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் சர்க்கரை பிடிச்சு வச்சுக்கும், அதான் நீங்க சென்னை போய்ச் சேந்தும் கெடாம இருக்கு. 2019ல புவிசார் குறியீடு குடுத்தாங்க. குடுத்தவங்க ‘கணையத்துக்கு நல்லது’ன்னு டப்பாவுல எழுதித் தரலைங்க.

கரும்புச் சாறு ஒண்ணுதான். கொப்பரையில காய்ச்சுனா நாட்டுச் சர்க்கரை, மில்லுக்குள்ள போனா வெள்ளைச் சர்க்கரை. நாட்டுச் சர்க்கரையில நிறமும் மணமும் கூட, இரும்புச் சத்து ஏதோ துளி. மத்தபடி ரத்தத்துல ரெண்டும் ஒரே கதவுலதான் நுழையுது. நம்ம நாட்டுல பத்துக் கோடிப் பேருக்கு மேல சர்க்கரை நோயாம், 2023ல ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்லுச்சு. அதுல நாட்டுச் சர்க்கரைக்காரங்க எத்தனை பேருன்னு பிரிச்சுக் கேக்க விட்டுட்டாங்க போல. உங்க அத்தை கட்சி வேற: பிரசாதத்துக்குக் கலோரியே கெடையாதாம். அவகிட்ட வாதம் பண்ணி நான் சோத்தை இழக்க மாட்டேன்.

இந்தப் பட்டர் புரூட் கதையும் அப்படித்தான். தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டத்துல காபிச் செடியோட கூட நிக்கிற மரம். தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்துல டி.கே.டி-1னு ஒரு ரகமே விட்டிருக்காங்க. மலைக்காரன் வித்தா பழம், உங்க ஊர்ல ரொட்டி மேல தடவுனா ‘நல்ல கொழுப்பு’. நல்லதுதான், மறுக்கலை. ஆனா நம்ம செக்குல ஆட்டுற கடலெண்ணெயிலயும் அதே வகைக் கொழுப்பு நிறைய இருக்கு. அதைப் போட்டோ எடுக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் கொடைக்கானல் மலைப்பூண்டு வாங்கி, பிரஷர் மாத்திரைக்குப் பதிலா பல்லு பல்லா முழுங்கப் பார்த்தார். பூண்டு பிரஷரைக் குறைச்சாலும் கொஞ்சந்தான் குறைக்கும், மாத்திரை வேலையை அது செய்யாதுன்னு டாக்டர் திட்டி அனுப்பினார். இப்ப ரெண்டும் சாப்பிடுறார். பக்கத்துல நின்னு பேசத்தான் முடியலை.

அப்புறம் தினமும் நடக்கணும்னு உங்க கடிகாரம் கேக்குற அந்தப் பத்தாயிரம் அடி. அது வைத்தியர் சொன்ன கணக்கில்லை மாப்பிள்ளை. 1965ல ஜப்பான்ல அடி எண்ணுற கருவி விக்கிறதுக்கு வச்ச பேரு. 2019ல அமெரிக்காவுல, சராசரி 72 வயசுப் பாட்டிமார் பதினாறாயிரம் பேருக்கு மேல வச்சுப் பார்த்தாங்க. ஒரு நாளைக்கு 2,700 அடி நடந்தவங்களைவிட 4,400 அடி நடந்தவங்க கூடுதலா தாக்குப் பிடிச்சாங்க. 7,500க்கு மேல நடந்து ஆயுசு கூடுனதாத் தெரியலை. நீங்க நேத்து என்ன பண்ணீங்க? மலையேறப் படி வேண்டாம்னு விஞ்சு வரிசையில ஒரு மணி நேரம் நின்னு மேல போனீங்க, இறங்கினதும் கையை ஆட்டி ஆட்டிக் கடிகாரத்துல அடி ஏத்துனீங்க. நான் பார்க்கலைன்னு நெனச்சீங்க.

விடுங்க. நாளைக்கு வெயில் ஏறுறதுக்கு முன்னாடி யானைப்பாதையில போவோம், அது கொஞ்சம் சாய்வா இருக்கும். நடுவுல முடியலைன்னா கூச்சப்படாதீங்க. கண்ணை மூடிக் கையைக் கூப்பிக்கிட்டு நின்னுடுங்க. மூச்சு வாங்குறதைப் பக்தின்னு ஊரு நெனச்சுக்கும்.