ஒரு ஸ்டாரு குடுத்த மகராசனுங்களுக்கு

கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ஜன்னலோரம் குந்திக்கினு, மீஞ்சூர் தாண்டறதுக்குள்ள ஒரு கேமை ஆடி, பொன்னேரி வர்றதுக்குள்ள அத்த செஞ்சவனோட மூணு தலைமுறையையும் திட்டி முடிச்சிட்ற கண்ணுங்களா, உங்களை நெனச்சா எனக்கு ரொம்பப் பெருமையா கீது. ஷிஃப்டுக்குக் கார்டு போடறதுக்கு முன்னாடியே முகம் தெரியாத ஒருத்தனை அழ வெச்சிட்டு வேலைக்குப் போறீங்க. எங்க காலத்துல இந்த சுறுசுறுப்பு ஒருத்தனுக்கும் இல்ல.

பாதிப் பேருக்கு எந்த கேமைச் சொல்றேன்னே புரியாது. துட்டு கட்டி ஆடுற ரம்மி இல்ல நைனா. அதுக்கு நம்ம கவர்மெண்டு 2022ல சட்டம் கொண்டாந்துச்சு, கவர்னர் திருப்பி அனுப்பினாரு, மறுபடியும் சட்டசபைல நிறைவேத்தி 2023 ஏப்ரல்ல கையெழுத்து வாங்கினாங்க. அந்தக் கதை வேற. நான் சொல்றது, ஆப்பு ஒண்ணியும் எறக்காம லிங்கைத் தட்டினதும் பிரவுசர்லயே ஓடுற சின்ன கேமு. பெரிய கம்பெனி, ஏசி ரூமு எதுவும் கெடையாது. எங்கியோ ஒரு பையனோ பொண்ணோ ஒத்தை ஆளா குந்திக்கினு எழுதி, இட்ச் மாதிரி எடத்துல போட்டு, யாராச்சும் ஆடுவாங்களான்னு பாத்துக்கினு இருப்பாங்க. என் பேத்தியும் அந்த ஜாதி. அதனாலதான் கெழவனுக்கு இவ்ளோ விவரம், வேற ஒண்ணியும் இல்ல.

சரி, வேலைக்கு வருவோம். கேமு செஞ்சவனைத் திண்டாட விடணும்னா சுலபமான வழி ஒண்ணு கீது. உன் போன் இன்னா மாடல்னு மட்டும் சொல்லவே சொல்லாத. "தண்டக் கேமு"ன்னு எழுதிட்டு வாயை மூடிக்கோ. மிச்சத்தை அவன் வெத்தலைல மை தடவிப் பாத்துக்குவான்.

கவரைப்பேட்டை டேசன் பெஞ்சுல ரெண்டு பசங்க அடிச்சிக்காத குறை. ஒரே கேமு, ஒரே லெவலு. ஒருத்தன் "பச்சக் கொயந்தைகூட ஆடும்"ன்றான். இன்னொருத்தன் "மனுசன் ஆட முடியாது, பொம்மை பறக்குது"ன்றான். ரெண்டு பேரும் நெசம்தான் சொல்றாங்க. போன் திரை ஒரு செகண்டுக்கு இத்தினி தடவை படத்தைப் புதுசா வரையும்னு ஒரு கணக்கு கீது. பழைய போன்ல 60 தடவை, புதுசு பலதுல 90, 120. "ஒவ்வொரு தடவை வரையறப்பவும் பொம்மையை இம்மாந்தூரம் நகத்து"ன்னு அவன் எழுதி வெச்சிருந்தா, 120 போன்ல அது ரெண்டு பங்கு வேகத்துல ஓடும். செஞ்சவன் கையில கீறது 60 போனா இருந்தா, இந்தக் கோளாறு அவன் கண்ணுல ஜென்மத்துக்கும் படாது. அவனுக்கு வந்து சேர்றது ரெண்டே வரி: ஒண்ணு "ரொம்ப ஈஸி", ஒண்ணு "ரொம்பக் கஷ்டம்". ராவெல்லாம் முழிச்சிக்கினு லெவலை மாத்தி மாத்தி, நல்லா இருந்ததையும் கெடுத்து வெப்பான். போன் பேரை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எத்தினி தடவை வரையுதுன்றதை விட்டுட்டு, எவ்ளோ நேரம் ஆச்சுன்றதோட கணக்கைக் கட்டிட்டு நிம்மதியா தூங்கியிருப்பான்.

ஒரு குறையை எப்பிடிச் சொல்லணும்னு நான் வேலைலதான் கத்துக்கினேன். நான் சிப்காட் தொழிற்பேட்டைல ஒரு ஃபவுண்டரில மண்ணு மோல்டு போட்டவன். அங்க குவாலிட்டி பாக்கறவங்க ரெண்டு ரகம். ஒருத்தரு வார்ப்பைத் தூக்கிப் பாத்துட்டு "சரியில்ல, எடுத்துக்கினு போ"ம்பாரு. அவரு போன அப்பால நாங்க அவரைப் பத்திப் பேசினதை இங்க எழுத முடியாது. இன்னொருத்தரு ஒண்ணும் பேச மாட்டாரு. சாக்பீஸால ஓட்டையைச் சுத்தி வட்டம் போடுவாரு. ரிஜெக்ஷன் சீட்டுல எந்தத் தடவை உருக்கினதுன்ற ஹீட் நம்பரு, எந்தப் பக்கம், எத்தினி பீசுல வந்துச்சு, எத்தினி பீசுல வரலன்னு எழுதி வெச்சிட்டுப் போயிடுவாரு. அந்த வட்டத்தைப் பாத்தாலே எங்களுக்குப் பாதி தெரிஞ்சிடும். எல்லாப் பீசுலயும் ஒரே எடத்துல ப்ளோ ஹோல்னு சொல்ற காத்து ஓட்டை வந்தா ஒரு காரணம், அங்கொண்ணு இங்கொண்ணா வந்தா வேற காரணம். மண்ணுல ஈரம் ஜாஸ்தியா, கோர் சரியா வேகலயா, காத்து போக வழி இல்லயான்னு பாக்கறது எங்க வேலை. "நீ மண்ணை மாத்து, உலையை மாத்து, உன் மூஞ்சியை மாத்து"ன்னு அந்த மனுசன் ஒரு நாளும் சொன்னதில்ல. எங்க ஓட்டை, எப்ப வருது, எத்தினி தடவை வருதுன்னு சொல்றதோட அவரு நிறுத்திக்குவாரு.

நீங்க அப்பிடி இல்லயே! எதனால கேமை மூடினோம்னு சொல்ல மாட்டீங்க. "துப்பாக்கி சேத்துடு, டிராகன் சேத்துடு, மல்டிபிளேயர் சேத்துடு"ன்னு பட்டியல் மட்டும் போடுவீங்க. பூவரிசை மாத்தி அடுக்கற சின்ன கேமுக்கு எதுக்கு நைனா டிராகனு? ரெண்டாவது லெவல்ல பொழுது போகாம மூடினியா, இன்னா செய்யறதுன்னு புரியாம மூடினியா, இல்ல டேசன் வந்துடுச்சுன்னு மூடினியா, அத்த சொல்லு. மூணுக்கும் வைத்தியம் வேற வேற. டேசன் வந்ததுக்கு வைத்தியமே வேணாம்.

இன்னும் சில புகாரு கீது, கேட்டாலே சிரிப்பு வரும். "என் நாப்பது லெவலையும் உன் கேமு முழுங்கிடுச்சு"ன்னு ஒருத்தன் கத்தறான். இந்த மாதிரி கேமு பலது, நீ எந்த லெவல்ல கீறன்றதை உன் பிரவுசருக்குள்ளயேதான் எழுதி வெக்கும். கணக்கு, பாஸ்வேர்டு ஒண்ணியும் கேக்காதது அதனாலதான். ராத்திரி ஹிஸ்டரியோட சேத்து மொத்த டேட்டாவையும் நீ தொடச்சிட்டா அதுவும் சேந்து பூடும். நீ எதுக்குத் தொடச்சன்னு நான் கேக்கல, உன் சம்சாரம் கேப்பா. ஐபோன்ல சஃபாரி வெச்சிருக்கறவனுக்கு அதுகூட வேணாம். அந்தப் பக்கத்தை எட்டிப் பாக்காம ஏழு நாள் சஃபாரியை ஓட்டினா, 2020லருந்து அதுவே தொடச்சிடும். திட்டறதுக்கு முன்னாடி "நான் டேட்டா அழிச்சேன், அப்பால லெவல் போயிடுச்சு"ன்னு ஒரு வரி எழுதினீன்னா, சேமிச்ச ஆட்டத்தை வெளியில எடுத்து வெச்சிக்க ஒரு பொத்தான் போடலாம்னு அவனுக்குத் தோணும்.

"சத்தமே வரல"ம்பான் இன்னொருத்தன். திரையை ஒரு தடவையாச்சும் தொடாம சத்தம் போடக் கூடாதுன்னு க்ரோமு கட்டுப்பாடு வெச்சு வருசம் பல ஆவுது. பொம்மையைக் கீழ எறக்க வெரலைக் கீழ இஸ்தா பக்கமே புதுசா லோடு ஆயி ஆட்டம் முதல்லருந்து ஆரம்பிக்கிற பேஜாரும் உண்டு. அது பிரவுசரோட பழக்கம், ஆனா கேமு செஞ்சவன் ரெண்டு வரி எழுதினா தடுத்துடலாம். கம்பியூட்டர்ல எலியைப் புடிச்சிக்கினு செஞ்சவனுக்கு இது எப்பிடித் தெரியும்? ஓடற ரயில்ல நின்னுக்கினு ஒத்தைக் கையில கம்பியைப் புடிச்சிக்கினு, இன்னொரு கையில கட்டை வெரலால ஆடுறியே, நீதான் சொல்லணும். முடிஞ்சா திரையை அப்பிடியே வீடியோ புடிச்சு அனுப்பு. பத்து செகண்டு போதும். கல்யாண கேசட்டு மாதிரி மூணு மணி நேரம் வேணாம்.

ஆடுறவன் வாயைத் தொறந்தா ஒரு கேமு எம்மாந்தூரம் போவும்னு கேக்கறியா? 2015 ஏப்ரல்ல பிரேசில்ல மத்தேயஸ் வலடாரஸ்னு 19 வயசுப் பையன், வட்டம் வட்டத்தை முழுங்கற ஒரு கேமைச் சில நாள்ல எழுதிப் போட்டான். அதுக்குப் பேருகூட இல்ல. வெறும் நம்பரை அடிச்சு உள்ள போவணும். ஆடினவன் ஒருத்தன், பேரு ஊரு சொல்லாதவன், "அகார்.ஐஓன்னு வெய்யி"ன்னான். அந்தப் பேருலதான் அது உலகமெல்லாம் போச்சு, அப்பால வந்த எத்தினியோ கேமுங்க வாலுல அந்த "ஐஓ"வை ஒட்டிக்கிச்சு.

வேர்டல் கதை இன்னும் சோக்கா இருக்கும். ஜோஷ் வார்டல்னு ஒருத்தரு தன்னோட துணைவி பலக் ஷாவுக்காகச் செஞ்ச ஆட்டம். இங்கிலீசுல அஞ்சு எழுத்து வார்த்தை சுமார் 12,000 கீது. எல்லாத்தையும் விடையா வெச்சா ஆடுறவன் ஓடிப் பூடுவான். அந்தம்மா ஒவ்வொரு வார்த்தையா பாத்து, தெரியும், தெரியாது, தெரிஞ்ச மாதிரி கீதுன்னு பிரிச்சுக் குடுத்தாங்க. கடைசில சுமார் 2,500 வார்த்தை நின்னுச்சு. "உன் கேமு நல்லா கீது கண்ணா"ன்னு சொல்லிட்டு டீ போடப் போயிருந்தா அந்த ஆட்டம் அன்னிக்கே படுத்திருக்கும். 2021 நவம்பர் 1ந் தேதி ஆடினவங்க 90 பேரு. 2022 ஜனவரி 2ந் தேதி 3 லட்சம். நடுவுல நியூசிலாந்துக்காரங்க தங்க ஆட்டத்தைப் பச்சை, மஞ்சள் கட்டமா வரைஞ்சு ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கினு இருந்தாங்க. வார்டல் அத்தப் பாத்து கேமுக்குள்ளயே அதுக்கு ஒரு பொத்தான் வெச்சாரு. அவங்க "இப்பிடிச் செய்யி"ன்னு உத்தரவு போடல. தாங்க ஆடற விதத்தைக் காட்டினாங்க, அவரு கண்ணைத் தொறந்து பாத்தாரு. அந்த ஜனவரி முடியறதுக்குள்ள நியூயார்க் டைம்ஸ் வெலைக்கு வாங்கிடுச்சு.

இந்தக் கதையைச் சொன்னா, திட்டினாலும் நல்லதுதானேன்னு எவனாச்சும் கேப்பான். திட்டினா இன்னா ஆவும்னு கேளு. வியட்நாம்ல டாங் நுயென்னு ஒருத்தரு ஃப்ளாப்பி பேர்டுன்னு போன் கேமு செஞ்சாரு. 2014 பிப்ரவரில உலகமே அத்த ஆடிக்கினு இருந்தப்ப, இதுக்கு மேல தாங்காதுன்னு சொல்லிட்டுக் கடையைச் சாத்திட்டாரு. விளம்பரத்துல தெனம் 50,000 டாலர் வருதுன்னு அப்ப செய்தி. பத்திரிகைக்காரங்க ஒரு பக்கம், திட்டறவங்க ஒரு பக்கம், ஜனங்க இதுக்கு அடிமை ஆவறாங்களேன்ற உறுத்தல் ஒரு பக்கம். அது போன அப்பால, அந்தக் கேமு ஏத்தின பழைய போனை ஆயிரக்கணக்கான டாலருக்கு ஏலத்துல போட்டாங்க. இருக்கறப்ப "தண்டம்"னாங்க, பூட்ட அப்பால போனையே தங்கமாக்கினாங்க.

நம்ம பாஷைக்காரங்களுக்குன்னு ஒரு வேலை கீது, அத்த வேற எவனும் செய்ய மாட்டான். தமிழ்ல வார்த்தை விளையாட்டு போடறவன் இங்கிலீசு கேமோட கணக்கை அப்பிடியே எடுத்துப் போட்டுடுவான். "கொக்கு" எத்தினி எழுத்து? ஒண்ணாங்கிளாஸ் புள்ள மூணும்பான். கம்பியூட்டரு உள்ள அத்த ஆறா எழுதி வெச்சிருக்கும்: க, ஒகர அடையாளம், க, புள்ளி, க, உகர அடையாளம். கவனிக்காம எண்ணினா ஆறு கட்டம் போடும். புள்ளி தனியா ஒரு கட்டத்துல நிக்கும், கொம்பு தனியா தொங்கும். அத்தப் பாத்து "தமிழைக் கொன்னுட்டான்"னு வீராவேசமா எழுதறதுக்கு நம்மூர்ல ஆளுக்குப் பஞ்சமில்ல. "கொக்குக்கு மூணு கட்டம் வரணும், ஆறு வருது, படம் இணைச்சிருக்கேன்"னு எழுதறதுக்குத்தான் ஆளைக் காணோம். எழுதினா அவன் ஒரே நாள்ல சரி பண்ணிடுவான்.

நமக்குச் சாதாரணமாத் தெரிஞ்சது கேமுக்குள்ள வந்தா இன்னா ஆவும்னு பாரு. டொராண்டோல விசை கேம்ஸ்காரங்க 2023ல "வெண்பா"ன்னு ஒரு சமையல் கேமு விட்டாங்க. பிரவுசர் கேமு இல்ல, ஆனா நம்ம வூட்டுக் கதை. அம்மாவோட கிழிஞ்சு போன சமையல் நோட்டை வெச்சிக்கினு இட்லித் தட்டை எப்பிடி அடுக்கறதுன்னு யோசிக்கணும். கீழ்த் தட்டு இட்லிக்கு நேர் மேல மேல் தட்டோட ஓட்டை வரணுமாம், இட்லி நசுங்காம இருக்க. நம்ம வூட்டுக் கெழவிங்களுக்கு இது தெரியும், சொல்லணும்னு தோணினதில்ல. அடுத்த வருசம் அதுக்கு பாஃப்டா விருது குடுத்தாங்க.

அப்பறம், "சூப்பர் ப்ரோ", "வேற லெவல் ப்ரோ"ன்னு பாராட்டற தர்மவான்களே, நீங்களும் தப்பிச்சிக்க முடியாது. அத்த வெச்சிக்கினு அவன் இன்னா பண்ணுவான்? "மூணாவது லெவல்ல கதவு தொறக்கற சத்தம் நல்லா கீது"ன்னு எழுதினா, அடுத்த தடவை எதையோ சரி பண்ணப் போயி அந்தச் சத்தத்தைத் தூக்காம இருப்பான். இன்னொண்ணும் சொல்றேன். சிப்காட் லயன் வூட்ல ஒடிசாப் பசங்க ராத்திரி ஆடுறதைப் பாத்திருக்கேன். தமிழும் படிக்க வராது, இங்கிலீசும் வராது. சில கேமை எடுத்ததும் ஆடிட்றாங்க, சிலதுல முதல் பக்கத்துலயே நின்னுட்றாங்க. பக்கத்துல குந்திக்கினு, வாயைத் தொறக்காம, எங்க நிக்கறாங்கன்னு பாத்து எழுதி அனுப்பு. என் பேத்திக்கு அப்பிடி ஒரு பையன் எழுதி அனுப்பினான். அத்தப் படிச்சிட்டு அவ முதல் பக்கத்துல இருந்த பதினாலு வரி விளக்கத்தைத் தூக்கிட்டு ஒரு கைப்படம் வெச்சா.

எப்பிடி எழுதறதுன்னு முழிக்கிறவனுக்கு நானே எழுதித் தர்றேன், காசு வேணாம்: "அண்ணா, என் போன் இந்த மாடல், க்ரோமுல ஆடினேன். நாலாவது லெவல்ல சாவி எடுத்த அப்பால கதவு தொறக்கல. மூணு தடவை ஆடினேன், மூணு தடவையும் அப்பிடித்தான். திரும்ப லோடு பண்ணா சரியாவுது. பூனை நடக்கறது நல்லா கீது, அத்த மாத்தாதீங்க. அஞ்சாவது லெவல்ல எங்க போறதுன்னு புரியல, அங்கயே மூடிட்டேன்." இதுக்கு பொன்னேரிலருந்து கவரைப்பேட்டை வர்ற நேரம் போதும்.

அனுப்பிட்டு, மறுநாளே பதில் வரலன்னு இன்னொரு ஒத்தை ஸ்டாரு குத்திடாத நைனா. இந்த கேமுங்களைச் செய்யறவங்கள்ல பல பேரு பகல்ல வேற எடத்துல வேலை பாக்கறவங்க. ஷிஃப்டு முடிஞ்சு வூட்டுக்கு வந்து சோறு தின்ன அப்பாலதான் உன் கடுதாசியைப் பிரிப்பாங்க.